லண்டன்ல வீட்டுக்கு காம்பி பாய்லர் மாட்ட சரியான ஆளைப் பிடிக்கிறது எப்படி?

காம்பின்னா வீட்டு ஹீட்டிங், சுடுதண்ணி ரெண்டையும் ஒரே பெட்டியில பாத்துக்கிற கேஸ் பாய்லர். பாய்லர் மாத்தணும்னு பேச்செடுத்தாலே எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த பிராண்ட் நல்லதுங்கிறது தான். வூஸ்டர் பாஷா, வேலியன்டா, ஐடியலான்னு ராத்திரி பூரா வீடியோ பாத்துட்டு இருப்பாங்க. நானும் பாத்தேன். ஆனா ஆள் தேடி அலைய ஆரம்பிச்சதும் தான் தெரிஞ்சுது, இப்போ வர்ற பெரிய பிராண்ட் எதை வாங்கினாலும் மோசம் போக மாட்டோம், மாட்டுற ஆள் சரியில்லன்னா மட்டும் எவ்வளவு நல்ல பாய்லரும் ரெண்டு வருஷத்துல கழுத்தை அறுக்கும். அதனால இதுல பிராண்ட் பத்தி பெருசா ஒண்ணும் இருக்காது, ஆள் பத்தி தான்.

ரெண்டு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். இது சொந்த வீடு வச்சிருக்கிறவங்களுக்கு. வாடகை வீடுன்னா பாய்லர் உங்க தலைவலி இல்ல, லேண்ட்லார்ட் தான் பாக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் சேஃப்டி செக் பண்ணி அந்த பேப்பரை உங்க கையில கொடுக்கணும். அடுத்தது, சர்டிஃபிகேட் பத்தி கீழ சொல்றது இங்கிலாந்து, வேல்ஸுக்கு. ஸ்காட்லாந்துல பில்டிங் விதிகள் வேற.

1. ஆளைத் தேடுறதுக்கு முன்னாடி உங்க வீட்டைப் பாருங்க

ஒரு 10 லிட்டர் வாளி எடுத்துக்கோங்க. கிச்சன்ல பச்சைத்தண்ணி குழாயை முழுசா திறந்து எத்தனை செகண்ட்ல நிரம்புதுன்னு போன்ல டைம் பாருங்க. சரியா ஒரு நிமிஷம் ஆனா உங்களுக்கு வர்றது நிமிஷத்துக்கு 10 லிட்டர். இது எதுக்குன்னா காம்பிக்கு டேங்க் கிடையாது, தெருவுல இருந்து வர்ற தண்ணியை அப்படியே சூடாக்கி அனுப்பும். 24 கிலோவாட் காம்பி சுமார் 10 லிட்டர், 30 கிலோவாட் சுமார் 12, 35 கிலோவாட் 14 லிட்டர் வரைக்கும் சுடுதண்ணி தரும் (உள்ள வர்ற தண்ணியை 35 டிகிரி ஏத்துற கணக்கு இது). உங்க தெருக்குழாய்லயே 9 லிட்டர் தான் வருதுன்னா 35 கிலோவாட் பெட்டியை மாட்டியும் 9 தான். பழைய விக்டோரியன் டெரஸ் வீடுகள் (வரிசையா ஒட்டிக் கட்டினது) பலதுல ஒரே பைப் பக்கத்து வீட்டுக்கும் போகும், அங்க காலைல அவங்க குளிக்கிற நேரத்துல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு டெஸ்ட் பண்ணுங்க.

ரெண்டு பாத்ரூம், ரெண்டுலயும் ஒரே நேரத்துல ஷவர் ஓடணும்னா சாதாரண காம்பி உங்களுக்கு ஒத்து வராது, சுடுதண்ணியைச் சேத்து வைக்கிற சிலிண்டர் உள்ள சிஸ்டம் பத்தி கேளுங்க. பழைய சிஸ்டத்துல பம்ப் வச்ச பவர் ஷவர் இருந்தா காம்பி வந்ததும் அதைக் கழட்டியே ஆகணும், இந்த செலவை நிறைய பேர் கணக்குல எடுக்கிறதே இல்ல.

லீஸ்ஹோல்ட் ஃபிளாட்டா? அப்போ வெளிச்சுவர் உங்களோடது இல்ல. ஃப்ளூ, அதாவது புகைக்குழாய், புதுசா ஒரு இடத்துல ஓட்டை போட்டு வெளிய வரணும்னா ஃப்ரீஹோல்டர்கிட்டயோ (கட்டடத்தோட சொந்தக்காரர்) மேனேஜிங் ஏஜென்ட்கிட்டயோ எழுத்துல பர்மிஷன் வாங்கணும். இதுக்கு வாரக்கணக்குல ஆகலாம், ஃபீஸும் கேப்பாங்க, அதனால ஆளுங்ககிட்ட கோட் (வேலைக்கான விலை) வாங்குறதுக்கு முன்னாடியே மெயில் போட்டுடுங்க.

2. எந்த மாசம் தேடுறது

மே, ஜூன், ஜூலை. அவ்வளவு தான். அக்டோபர்ல முதல் குளிர் அடிச்சதும் ஊர்ல பாதி பேர் ஹீட்டிங்கை ஆன் பண்ணுவாங்க, பாதி பாய்லர் படுத்துடும், நல்ல ஆளுங்க எல்லாரும் டைட்டா புக் ஆகிடுவாங்க. மிச்சம் யார் ஃப்ரீயா இருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. குளிர்ல பாய்லர் செத்துட்டா பதட்டத்துல முதல் ஆளுக்கே சரின்னு சொல்லாதீங்க, ரெண்டு எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிப் போட்டுட்டு ஒரு வாரம் நிதானமா தேடுங்க.

3. எங்க தேடுறது

தெருவுல, ஆபீஸ்ல, ஸ்கூல் வாசல்ல கேளுங்க. ஆனா கேக்குற கேள்வி முக்கியம். "நல்ல ஆளா?"ன்னு கேட்டா எல்லாரும் ஆமான்னு தான் சொல்லுவாங்க. "மாட்டி எத்தனை வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் ப்ராப்ளம் வந்தப்போ கூப்பிட்டா வந்தாரா?"ன்னு கேளுங்க. போன வாரம் மாட்டினவங்க சொல்ற ரெகமண்டேஷனுக்கு மதிப்பு கம்மி, போன வாரம் மாட்டின பாய்லர் எல்லார் வீட்லயும் நல்லா தான் ஓடும்.

பாய்லர் கம்பெனி வெப்சைட்லயே உங்க போஸ்ட்கோட் போட்டா அவங்க அங்கீகரிச்ச இன்ஸ்டாலர் லிஸ்ட் வரும். இதுல ஒரு லாபம் இருக்கு, அந்த ஆளுங்க மாட்டினா பல கம்பெனிகள் வாரண்டியை நீட்டிச்சு தருவாங்க. அதே பாய்லர் வேற ஆள் மாட்டினா 5 வருஷம், இவர் மாட்டினா 10 வருஷம்ங்கிற மாதிரி வித்தியாசம் வரலாம். டிரஸ்ட்மார்க் லிஸ்ட்லயும் தேடலாம், அது அரசாங்க ஆதரவு உள்ள ஸ்கீம்.

இப்போ நம்மாளுங்க விஷயம். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் எந்த தமிழ் வாட்ஸாப் குரூப்ல கேட்டாலும் பத்து நிமிஷத்துல ஒரு நம்பர் வந்துடும், "நம்ம அண்ணன் தான், கேஷா கொடுத்தா கம்மியா முடிச்சுடுவாரு". அந்த அண்ணன் ரொம்ப திறமையான ஆளாவே இருக்கலாம், தமிழ்ல பேசி வேலை வாங்குறது எவ்வளவு சுகம்னு எனக்கும் தெரியும். ஆனா அவர்கிட்டயும் கீழ சொல்ற எல்லா கேள்வியும் கேளுங்க. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, கார்டை ஒரு தடவை பாத்துக்கிறேன்"னு கேட்டா உண்மையா வேலை தெரிஞ்சவர் கோச்சுக்க மாட்டாரு, அவரே எடுத்து நீட்டுவாரு. கோச்சுக்கிட்டா அதுலயே பதில் கிடைச்சிடுச்சு.

4. கேஸ் சேஃப் கார்டு, முன்பக்கம் மட்டும் இல்ல பின்பக்கமும்

இந்த நாட்டுல யாரு வேணா தன்னை பிளம்பர்னு சொல்லிக்கலாம், அதுக்கு லைசன்ஸ் எதுவும் வேண்டாம். ஆனா கேஸ்ல கை வைக்கணும்னா கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்ல பதிவு இருக்கணும், இல்லன்னா சட்டப்படி குத்தம். தண்ணி பைப் வேலை பிரமாதமா பண்றாருங்கிறதுக்காக பாய்லரையும் அவர்கிட்ட கொடுத்துடாதீங்க.

கார்டு மஞ்சள் கலர்ல இருக்கும். முன்பக்கம் போட்டோ, பேரு, லைசன்ஸ் நம்பர், எந்த கம்பெனிக்கு வேலை செய்றாரு, எப்போ எக்ஸ்பயரி ஆகுதுன்னு எல்லாம் இருக்கும். பல பேர் இதோட நிறுத்திடுறாங்க. திருப்பிப் பாருங்க. பின்பக்கத்துல தான் அவருக்கு எந்தெந்த வேலைக்கு தகுதி இருக்குன்னு லிஸ்ட் இருக்கும். குக்கர் மாட்ட மட்டும் தகுதி உள்ளவர் பாய்லர் மாட்டக்கூடாது. அதுல பாய்லர் இருக்கணும், உங்க வீட்டுல வர்ற கேஸ் வகையும் இருக்கணும் (லண்டன்ல பெரும்பாலும் பைப்ல வர்ற நேச்சுரல் கேஸ், கிராமப்பக்கம் சிலிண்டர் கேஸ்னா அதுக்கு தனி தகுதி).

கார்டை மட்டும் நம்பாதீங்க, அந்த லைசன்ஸ் நம்பரை கேஸ் சேஃப் வெப்சைட்ல போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை, காசு கிடையாது, வர்ற போட்டோவும் எதிர்ல நிக்கிற ஆளும் ஒண்ணா இருக்கணும்.

ஒரு பொறி இங்க இருக்கு. கோட் கொடுக்க வர்றது ஒரு ஆள், மாட்ட வர்றது வேற ஆள். பெரிய கம்பெனிகள்ல இது சகஜம், சேல்ஸ் ஆள் வந்து டை கட்டிட்டு பேசிட்டுப் போவாரு, மாட்டுற வேலையை வெளி ஆளுக்கு சப் கான்ட்ராக்ட் விட்டுடுவாங்க. அது தப்பு இல்ல, ஆனா "மாட்ட வர்றவர் யாரு, அவர் உங்க ஆளா வெளி ஆளா, ப்ராப்ளம்னா நான் யாரைக் கூப்பிடணும்?"னு முன்னாடியே கேளுங்க. மாட்ட வர்ற அன்னிக்கு வாசல்லயே அவர் கார்டை வாங்கி இன்னொரு தடவை செக் பண்ணுங்க. கூச்சமா தான் இருக்கும், பண்ணிடுங்க.

இன்னொண்ணு, கேஸ் சேஃப்ங்கிறது பாதுகாப்புக்கு தான். அந்த கார்டு இருந்தா வீடு வெடிக்காம மாட்டத் தெரியும்னு அர்த்தம், உங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி நல்லா மாட்டத் தெரியும்னு அர்த்தம் இல்ல. அதைக் கண்டுபிடிக்கிறது அடுத்த ஸ்டெப்ல.

5. வீட்டுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க, வந்ததும் அவரை நீங்க பாருங்க

போட்டோ அனுப்புங்க, கோட் அனுப்புறோம்னு இப்போ நிறைய பேர் சொல்றாங்க. பழைய காம்பியைக் கழட்டிட்டு அதே இடத்துல புது காம்பின்னா அது ஓரளவு சரி. மத்த எதுக்கும் நேர்ல வந்தே ஆகணும். குறைஞ்சது மூணு பேரை வரச்சொல்லுங்க. வந்தவர் கிச்சன்ல பாய்லரைப் பாத்துட்டு "ஓகே மேட், நோ ப்ராப்ளம்"னு அஞ்சு நிமிஷத்துல கிளம்பினாருன்னா விட்டுடுங்க.

வேலை தெரிஞ்சவர் என்ன பண்ணுவாருன்னா, முதல்ல கேஸ் மீட்டர் எங்கன்னு கேப்பாரு. அங்க இருந்து பாய்லர் வரைக்கும் கேஸ் பைப் எந்த வழியா, எவ்வளவு தடிமன்ல வருதுன்னு பாப்பாரு. பழைய வீடுகள்ல 15 மில்லிமீட்டர் பைப் இருக்கும், காம்பி சுடுதண்ணிக்கு ஃபுல் ஸ்பீடுல எரியும்போது நிறைய கேஸ் இழுக்கும், அதுக்கு 15 பல சமயம் பத்தாது, 22 போடணும். மீட்டர்ல இருந்து பாய்லர் வர்றதுக்குள்ள பிரஷர் 1 மில்லிபாருக்கு மேல குறையக்கூடாதுங்கிறது தான் கணக்கு. இதைக் கேக்காம கோட் கொடுத்தவர் மாட்டுற அன்னிக்கு "கேஸ் பைப் மாத்தணும், எக்ஸ்ட்ரா ஆகும்"னு நிப்பாரு, அப்போ பழைய பாய்லர் ஏற்கனவே ஸ்கிப்ல, அதாவது பெரிய குப்பைத் தொட்டியில கிடக்கும், நீங்க ஒண்ணும் பேச முடியாது.

அப்புறம் தண்ணி எவ்வளவு வருதுன்னு அவரே அளப்பாரு. ரேடியேட்டர் எத்தனை, என்ன சைஸ்னு ஒவ்வொரு ரூமா போய்ப் பாப்பாரு. ஃப்ளூ வெளிய எங்க வரும், ஜன்னலுக்கு எவ்வளவு தூரம், அந்த வெள்ளைப் புகை பக்கத்து வீட்டுக்காரங்க முகத்துல அடிக்குமான்னு பாப்பாரு. கண்டென்சேட் பைப், அதாவது பாய்லர்ல இருந்து கழிவுத்தண்ணி சொட்டுற பிளாஸ்டிக் பைப், எங்க போய் சேரும்னு சொல்லுவாரு. இந்த பைப்பை வீட்டுக்குள்ளயே சிங்க் வேஸ்ட்லயோ மத்த டிரெயின்லயோ சேர்க்கிறது தான் நல்லது. வழியே இல்லாம வெளிய விட்டா குறைஞ்சது 32 மில்லிமீட்டர் பைப், மேல இன்சுலேஷன், நல்ல சரிவு. மெல்லிசா ஒரு பைப்பை வெளிச்சுவர்ல தொங்க விட்டுட்டுப் போனா ஜனவரில உறைஞ்சு பாய்லர் நின்னுடும், அதுவும் கரெக்டா மைனஸ் 5 டிகிரி அன்னிக்கு தான்.

நீங்க கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு இருக்கு, இதுலயே ஆள் எப்படின்னு பெரும்பாலும் தெரிஞ்சிடும்.

முதல் கேள்வி: "எத்தனை கிலோவாட் போடுவீங்க, ஏன்?" சாதாரண மூணு பெட்ரூம் டெரஸ் வீட்டைச் சூடாக்க 10 கிலோவாட் பக்கம் இருந்தாலே போதும், பெரிய நம்பர் எல்லாம் சுடுதண்ணிக்கு தான். "பெருசு தான் சேஃப் சார், 40 போட்டுடலாம்"னு சொல்றவர் கணக்கு போடலன்னு அர்த்தம். "சுடுதண்ணிக்கு 30, ஹீட்டிங் பக்கம் கம்மி பண்ணி செட் பண்ணிடுறேன்"னு சொல்றவரைப் பிடிச்சுக்கோங்க.

ரெண்டாவது: "கன்ட்ரோல் என்ன போடுவீங்க?" 2018 ஏப்ரல்ல இருந்து இங்கிலாந்துல புது காம்பி மாட்டினா டைமர், ரூம் தெர்மோஸ்டாட் ரெண்டும் கட்டாயம், அது போக வெதர் காம்பென்சேஷன் (வெளிய இருக்கிற குளிருக்கு ஏத்த மாதிரி பாய்லர் சூட்டை மாத்துறது), லோட் காம்பென்சேஷன் (ரூம் சூட்டுக்கு ஏத்த மாதிரி மாத்துறது), ஸ்மார்ட் கன்ட்ரோல், ஃப்ளூ ஹீட் ரெக்கவரி (புகையில போற சூட்டைத் திரும்பப் பிடிக்கிறது) இதுல ஏதாவது ஒண்ணும் இருக்கணும். பாய்லர் பிளஸ்னு பேரு. ஹால்ல இருக்கிற பழைய டயல் தெர்மோஸ்டாட்டே போதும்னு சொன்னா அவருக்கு ரூல் தெரியல, இல்ல தெரிஞ்சும் சொல்லல.

6. கோட்: எழுத்துல, ஐட்டம் ஐட்டமா

எஸ்டிமேட் வேற, கோட் வேற. எஸ்டிமேட்னா உத்தேசம், ஏறலாம். கோட்னா ஒத்துக்கிட்ட விலை, நீங்க வேலையை மாத்தாத வரைக்கும் அவர் ஏத்த முடியாது. மெயில்ல கோட்னே எழுதி வாங்குங்க.

விலை எவ்வளவு இருக்கும்? லண்டன் பக்கம் காம்பிக்கு காம்பி, அதே இடம்னா சுமாரா 2,000 பவுண்டுல இருந்து 3,500 வரைக்கும். லாஃப்ட்ல டேங்க், கப்போர்டுல சிலிண்டர்னு இருக்கிற பழைய சிஸ்டத்தை காம்பியா மாத்தணும்னா 3,000ல ஆரம்பிச்சு 4,500, பாய்லர் இடமும் மாறினா இன்னும் மேல. யாராவது 1,400க்கு முடிக்கிறேன்னு சொன்னா சந்தோஷப்படாதீங்க, எதை விட்டுட்டாருன்னு தேடுங்க.

பெரும்பாலும் விட்டிருக்கிறது இதுல ஒண்ணா இருக்கும்: ரேடியேட்டர் பைப்பைக் கழுவுறது, துருவைப் பிடிக்கிற மேக்னெட்டிக் ஃபில்டர், கேஸ் பைப், கன்ட்ரோல், சுவர் ஓட்டையை அடைச்சு பூசுறது, பழைய பாய்லரைத் தூக்கிட்டுப் போறது, விஏடி வரி. கழுவுற விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய ரேடியேட்டர்ல ஏர் எடுக்கிற ஸ்க்ரூவைத் திறந்தா டிகாஷன் மாதிரி கறுப்பா ஒழுகும், அதெல்லாம் இரும்புத் துரு, அது புது பாய்லருக்குள்ள போச்சுன்னா தண்ணியைச் சூடாக்குற ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைச்சுக்கும், வாரண்டி கேட்டா "சிஸ்டம் அழுக்கு, எங்க தப்பு இல்ல"ன்னு கம்பெனி கையை விரிச்சிடும். பவர் ஃப்ளஷ்னு மெஷின் வச்சு பண்றது 400, 500 பவுண்ட் ஆகும், எல்லா வீட்டுக்கும் அது வேண்டியதில்ல, சில வீட்டுக்கு கெமிக்கல் போட்டுக் கழுவினாலே போதும். எது, ஏன்னு அவர் சொல்லணும். லண்டன்ல தண்ணி சுண்ணாம்பு படியிற ஹார்ட் வாட்டர் வேற, அதனால அந்தப் படிவைக் குறைக்க பச்சைத்தண்ணி லைன்ல ஸ்கேல் ரெட்யூசர் ஒண்ணும் போட்டுடுங்க.

விஏடி 20 பர்சன்ட். சின்ன ஆளுங்க சிலர் விஏடி ரெஜிஸ்டர் பண்ணியிருக்க மாட்டாங்க, அது சட்டப்படி சரி தான், அவங்க கோட் அதனாலயே கம்மியா தெரியும். கம்பேர் பண்ணும்போது "விஏடி சேர்த்தா, சேர்க்காமலா?"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க. அரசாங்கம் 7,500 பவுண்ட் கொடுக்குதேன்னு கேக்காதீங்க, அது ஹீட் பம்புக்கு, கேஸ் காம்பிக்கு இல்ல.

7. பணம் கொடுக்கிற விதம்

முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டா வேண்டாம். கொஞ்சம் டெபாசிட், மிச்சம் வேலை முடிஞ்சு பேப்பர் கைக்கு வந்தப்புறம். டெபாசிட்டை முடிஞ்சா கிரெடிட் கார்டுல கொடுங்க. 100 பவுண்டுக்கு மேல 30,000 வரைக்கும் உள்ள பொருளுக்கோ வேலைக்கோ ஒரு பகுதியை கார்டுல நேரா அந்த கம்பெனிக்கு கட்டியிருந்தாலே, ஏதாவது சொதப்பினா கார்டு கம்பெனியும் பொறுப்பு, செக்ஷன் 75னு சொல்லுவாங்க. கேஷ்ல கொடுத்தா இதெல்லாம் கிடையாது, இன்வாய்ஸும் இல்லன்னா உங்க வீட்டுக்கு அவர் வந்ததுக்கே அத்தாட்சி இல்ல.

உங்க வீட்டுல உக்காந்து கையெழுத்து போட்ட கான்ட்ராக்டா இருந்தா பொதுவா 14 நாளுக்குள்ள கேன்சல் பண்ணலாம். ஆனா "நாளைக்கே ஆரம்பிங்க"ன்னு நீங்க எழுதிக் கொடுத்துட்டா அதுவரைக்கும் நடந்த வேலைக்கு காசு கட்டணும், வேலை முழுசா முடிஞ்சுட்டா அந்த உரிமையே போயிடும். "இன்னிக்கே சைன் பண்ணா 500 தள்ளுபடி"ன்னு சொல்றவங்களை நாளைக்கு வரச்சொல்லுங்க.

8. மாட்டுற நாள்

காம்பிக்கு காம்பின்னா ஒரு நாள். டேங்க் எல்லாம் கழட்டணும்னா ரெண்டு மூணு நாள். முதல் நாளே சிங்க் கீழ இருக்கிற ஸ்டாப்காக் (வீட்டுக்கு வர்ற தண்ணியை மூடுற வால்வு) திரும்புதான்னு பாத்து வைங்க, பல வருஷம் தொடாததால இறுகிப்போய் இருக்கும், காலைல எட்டு மணிக்கு அதோட மல்லுக்கட்ட ஆரம்பிச்சா மதியம் ஆகிடும். லாஃப்ட்ல, கப்போர்டுல உள்ள சாமானையும் காலி பண்ணிடுங்க.

வேலை முடியும்போது கூடவே நில்லுங்க. ஃப்ளூ கேஸ் அனலைசர்னு கையில பிடிக்கிற மெஷின் ஒண்ணை வச்சு ரீடிங் எடுக்கிறாரான்னு பாருங்க, எடுத்தா அந்த ரீடிங்கை எழுதி வைக்கணும். அந்த மெஷினே கொண்டு வரலன்னா பாய்லர் சரியா எரியுதான்னு அவருக்கே தெரியாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் பாய்லர் இருக்கிற ரூம்லயே இருக்கணும், 2022 அக்டோபர்ல இருந்து இங்கிலாந்துல புது பாய்லர் மாட்டினா அது கட்டாயம். அந்த கேஸுக்கு வாசனையும் இல்ல கலரும் இல்ல, அதனால இதுல மட்டும் "அப்புறம் வாங்கிக்கலாம்"கிற பேச்சே வேண்டாம்.

ஹீட்டிங் தண்ணி பிரஷர் 1ல இருந்து 1.5 பார் இருக்கணும், குறைஞ்சா எப்படி ஏத்துறதுன்னு அவர் செஞ்சு காட்டும்போது வீடியோ எடுத்துக்கோங்க. ஹீட்டிங் ஃப்ளோ டெம்பரேச்சர், அதாவது பாய்லர் ரேடியேட்டருக்கு அனுப்புற தண்ணியோட சூடு, 75, 80 டிகிரியில விட்டுட்டுப் போவாங்க, வீட்டுக்கு ஒத்து வந்தா 60 பக்கம் குறைக்கச் சொல்லுங்க, ரேடியேட்டர் கை சுடுற அளவுக்கு இருக்காது ஆனா வீடு சூடாகும், கேஸும் மிச்சம்.

9. கைக்கு வர வேண்டிய பேப்பர்கள்

பெஞ்ச்மார்க் ஷீட், அதாவது எப்படி மாட்டினாங்கன்னு இன்ஸ்டாலர் எழுதிக் கொடுக்கிற பதிவு. பாய்லர் மேனுவல் கடைசிப் பக்கங்கள்ல இருக்கும், இப்போ சில கம்பெனிகள் ஆப்ல வச்சிருக்காங்க. கேஸ் ரீடிங், கழுவின விவரம், போட்ட கெமிக்கல், லைசன்ஸ் நம்பர், கையெழுத்து எல்லாம் நிரப்பியிருக்கணும். வெத்தா விட்டுட்டுப் போனா பின்னாடி வாரண்டிக்கு சண்டை போட வேண்டி வரும். மிச்சப் பணத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்க.

பில்டிங் ரெகுலேஷன்ஸ் சர்டிஃபிகேட். மாட்டின 30 நாளுக்குள்ள இன்ஸ்டாலர் கேஸ் சேஃப்ல நோட்டிஃபை பண்ணணும், அப்புறம் தபால்ல உங்க வீட்டுக்கு வரும். வரலன்னா அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க, "இன்னும் பண்ணல, பண்ணிடுறேன்"னு சொன்னா பண்ற வரைக்கும் விடாதீங்க. வீட்டை விக்கும்போது வாங்குறவங்க சொலிசிட்டர் முதல்ல கேக்குற பேப்பர்கள்ல இதுவும் ஒண்ணு. நாங்க வீடு வாங்கும்போது முந்தின ஓனர்கிட்ட இது இல்லாம எவ்வளவு மெயில் போய்ட்டு வந்துதுன்னு நினைச்சா இப்பவும் எரிச்சல் வருது. பதிவு பண்ணிட்டு பேப்பர் மட்டும் தொலைஞ்சிருந்தா கேஸ் சேஃப்லயே சின்ன ஃபீஸ் கட்டி காப்பி வாங்கிக்கலாம்.

வாரண்டி. பெரும்பாலும் 30 நாளுக்குள்ள ரெஜிஸ்டர் பண்ணணும். இன்ஸ்டாலர் பண்ணிடுறேன்னு சொன்னாலும் கம்பெனியில இருந்து உங்க பேருக்கு மெயில் வந்துதான்னு பாருங்க. இன்வாய்ஸ், மேனுவல், புதுசா எலக்ட்ரிக் பாயின்ட் போட்டிருந்தா அதுக்கான சர்டிஃபிகேட், இதையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க.

10. சொதப்பிட்டா

முதல்ல எழுத்துல இன்ஸ்டாலருக்கு அனுப்புங்க, போட்டோவோட, தேதியோட. போன்ல கத்துறது எதுக்கும் உதவாது. கேஸ் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட குறைன்னா கேஸ் சேஃப்ல கம்ப்ளெயின்ட் பண்ணலாம், அவங்க இன்ஸ்பெக்டர் வந்து காசு வாங்காம பாப்பாரு, ஆனா மாசக்கணக்குல தள்ளிப்போடாம பண்ணுங்க. பணத் தகராறுல அவங்க தலையிட மாட்டாங்க, அதுக்கு கார்டு கம்பெனி, இல்ல அவர் சேர்ந்திருக்கிற டிரஸ்ட்மார்க் மாதிரி ஸ்கீம். கேஸ் வாசனை அடிச்சா இதையெல்லாம் யோசிக்காம மீட்டர்ல வால்வை மூடிட்டு, ஜன்னலைத் திறந்துட்டு, சுவிட்ச் எதையும் தொடாம வெளிய வந்து 0800 111 999க்கு போன் போடுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணணும், லண்டன்ல 80ல இருந்து 130 பவுண்ட் ஆகும், ஒரு வருஷம் விட்டாலும் நீட்டிச்ச வாரண்டி போயிடும். மாட்டின தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே போன்ல ரிமைண்டர் போட்டு வைங்க, சர்வீஸ் முடிச்சதும் பெஞ்ச்மார்க் ஷீட்ல அந்த வருஷக் கட்டத்துல கையெழுத்து வாங்கிட்டு ஆளை அனுப்புங்க.